செத்த தளபதி திரும்பி வந்தான்

மாப்ள,

நாம் படிக்கும் வாரத்தொடரில் விண்கலத் தளபதி உயிரோடு வந்துவிட்டான். சனிக்கோளில் வெடித்துச் சிதறியவன், ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். சிம்மக்கல் டீக்கடையில் ஒரே சண்டை. நீ வராததால் உன் கட்சியை ராஜாராமன் பேசினான்.

"கதை நல்லா ஓடுதுல்ல? பழசை எவன்டா பாக்குறான்?"

"செத்தவன் செத்தவன்தான்டா. முன்னாடி எழுதுனதுக்கு எழுதுறவன் கட்டுப்படணும்" என்றேன் நான்.

நம் வெள்ளைத்துரை உயிரோடு இருந்திருந்தால், "ஆளு திரும்பி வந்தா சந்தோசப்படுங்கடா, கிறுக்குப்பயலுகளா" என்று சிரித்திருப்பான்.

அவன் செத்ததற்கும் உங்கள் கப்பலூர் கம்பெனி ஒரு கதை சொல்கிறதாமே. குடித்துவிட்டு வந்து மிஷினுக்குள் கையை விட்டானாம். திங்கட்கிழமை விசாரணையில் நீதான் சாட்சியாம். அப்படிச் சொன்னால் உன் வேலை நிரந்தரமாம், அவன் பெண்டாட்டி சீனியம்மாளுக்கு நஷ்டஈடு கிடையாதாம். எல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். அழவில்லை. "அந்த அண்ணே அப்படிச் சொல்லுவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

மிஷினின் தடுப்புக் கம்பி உடைந்து கிடக்கிறது, கேட்டால் மேஸ்திரி ஏசுகிறான் என்று, அவன் சாவதற்கு முந்தின வாரம் அதே டீக்கடையில் எங்களிடம் சொன்னவன் நீ.

தொடரில் எவனையும் எழுப்பிக்கொண்டு வரட்டும். இனி அதற்காக உன்னோடு சண்டை போட மாட்டேன்.

திங்கட்கிழமை சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். சொல்வதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்போதைக்கு,
உன் நண்பன்