கண்ணாடிக்காரனின் இரும்பறை

நேற்று திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். எதிரில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் தடிமனான படக்கதைப் புத்தகம். அவள் பக்கம் புரட்டும்போதெல்லாம் புது மசியின் வாசனை என் பக்கம் அடித்தது. அட்டையில் ஒரு முகமூடிக்காரன். அவன் தோளுக்குப் பின்னால் இருட்டில் இன்னொருத்தன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சிரிக்கிறவனுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வேற எதுவும் வேணாம் பாட்டி. இவனை விட மாட்டான், அவ்ளோதான்" என்றாள், தலை தூக்காமலே.

ராயபுரத்தில் இறங்க வேண்டியவள், கடற்கரை வரைக்கும் போய்விட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னை நினைக்கும்போது கடைசிக் காலத்து முகம்தான் வரும். நேற்று வந்தது அந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்த முகம்.

நமக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. ராயபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடித்தனங்கள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் கைக்குழந்தையோடு நான் வெளியே கிடந்தேன். நீ உள்ளே இருந்தாய். உன் புருஷனுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கெடுக்கும் வேலை. காலையில் போகும்போது கதவை வெளியே பூட்டுவான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பான். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "சாப்டுடி, சரியா" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தக் குரலில் அவ்வளவு பிரியம் இருக்கும். முற்றத்தில் யாரும் அவனைக் கெட்டவன் என்று சொன்னதில்லை. குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. உனக்குப் பூ வாங்காமல் அவன் வீடு திரும்பியதே இல்லை.

நீ சீவும்போது சீப்பில் உதிர்ந்த முடியை அவன் ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைக்கிறான் என்று நீ ஒருநாள் சொன்னபோது, நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நாம் படித்த படக்கதைகளைக் கொண்டுவந்ததும் அவனேதான். மாலுமிகள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்கள், ஒரு கட்டு. "குந்திகினு படம் பாரு. பொழுது போவும்" என்று உன்னிடம் கொடுத்தான். உனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை எழுத்துக்கூட்டிப் படித்தவள். நீ ஜன்னலுக்கு உள்ளே பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பாய். நான் வெளியே நின்று, இடுப்பில் குழந்தையோடு, ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பொருள் சொல்லுவேன். பாதி நேரம் நீ என்னை மறித்துவிடுவாய். "எழுத்து இன்னா வோணா சொல்லட்டும். அவன் மூஞ்சியப் பாரு" என்பாய்.

கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ராத்திரியில் கூரை மேல் தாவித் திரியும் ஒரு வீரன். அவன் முகமூடிக்குக் கொக்கு மாதிரி நீள மூக்கு. 'கொக்கு' என்றே பெயர் வைத்துவிட்டோம். அவனை விடாமல் துரத்துகிறவன் ஒற்றைக் கண்ணில் கண்ணாடி செருகிய ஒல்லி மனுஷன், அவன் கண்ணாடிக்காரன். அவனிடம் ஒரு அறை. அதில் கொக்கின் கிழிந்த போர்வைத் துண்டு, அவன் மிதித்த மண், அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளர். கண்ணாடிக்காரன் ஊருக்குத் தீ வைப்பான். ஏன் வைக்கிறான் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பணத்தை எடுப்பதில்லை, யார் மேலும் பகையில்லை.

"ஊர் மேல அவனுக்கு இன்னா கோவம்?" என்று கேட்டேன்.

"கோவமே இல்லமே. எரிஞ்சா கொக்கு வரும்ல. வந்து நிக்கட்டும்னு கொளுத்துறான்" என்றாய். அப்புறம், "எங்கண்ணன் கல்யாணத்துக்குப் போறேன்னு பொட்டி கட்டுனேன்ல, அன்னிக்கு இந்தாளு கொதிக்கிற கஞ்சிய கைல ஊத்திகினான். தவறிப் போய் ஊத்திக்கல. நான் பாத்துகினு இருந்தேன்" என்றாய்.

உன் அண்ணன் கல்யாணத்துக்கு நீ போகாததற்கு அவன் கை தவறிச் சுட்டுக்கொண்டதுதான் காரணம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். கை வெந்த மனுஷனுக்குப் பக்கத்திலிருந்து சோறு ஊட்டினாள், நல்ல பெண்டாட்டி என்று உன்னைப் பாராட்டக்கூடச் செய்தோம்.

அந்தப் புத்தகக் கட்டின் கடைசிப் புத்தகம் பாதியில் நின்றது. கண்ணாடிக்காரன் கொக்கைப் பிடித்துவிடுகிறான். கடலுக்குள் ஒரு கலங்கரை விளக்கம், அதற்கு அடியில் இரும்பறை, சங்கிலி. கடைசிப் படத்தில் கதவு சாத்தியிருக்கிறது. கீழே, மீதி அடுத்த மாதம் என்று போட்டிருந்தது. அடுத்த புத்தகம் வேண்டும் என்று நீ கேட்டதற்கு, "அந்தக் கப்பல் போய்டிச்சி" என்று உன் புருஷன் சொல்லிவிட்டான்.

மீதிக் கதையை நாமே முடிக்கலாம் என்று தொடங்கினோம். உன் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அடுப்புக்கரியால் நீ வரைவாய். என்ன கை உனக்கு. நாலு கோட்டில் சங்கிலியின் பாரம் தெரியும். அவன் வேலை விட்டு வருவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாய். நான் வழி சொல்லுவேன்: கொக்கு பூட்டை உடைக்கட்டும், சாவியைத் திருடட்டும், தரையைத் தோண்டட்டும். நீ ஒவ்வொன்றையும் வரைந்து பார்த்து, காலாலேயே அழித்துவிடுவாய். "இத்த அவன் முன்னாடியே நெனச்சிருப்பான்மே. அவனுக்கு வேற ரோசனையே இல்லியே" என்பாய். எத்தனையோ நாள் அப்படிப் போயிற்று. நாம் கொக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கப்பல் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் அவன் மத்தியானமே வந்துவிட்டான். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். நீ கண்ணாடிக்காரனைத் தரை அகலத்துக்கு வரைந்து வைத்திருந்தாய். அவன் பூட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்போடு அப்படியே நின்றான்.

"யாரு இவன்?"

"புஸ்தகத்துல வர்ற கெட்டவன்."

அவன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். உன் மேல் கோபமாகப் பாய்வான் என்று நினைத்தேன். அவன் குரல் உயரவே இல்லை. "இவன் இன்னா தப்பு பண்ணான்? அந்த முகமூடி மேல உசிரா தானே கீறான்? இவன போய் கெட்டவன்றே" என்றான். கண் கலங்கியிருந்தது. அப்புறம் புத்தகக் கட்டை எடுத்து அடுப்பில் வைத்தான். மறுநாள் அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்தான். ஆணி அடிக்கும்போதும் உன்னிடம் சாந்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தான்: "காத்துல தூசி வருதுடி. உனுக்கு இருமல் வந்துடும்."

அதன் பிறகு எனக்கு நீ குரல் மட்டும். சுவரில் காதை வைத்தால்தான் கேட்கும். சில நாள் கூப்பிட்டாலும் பதில் இருக்காது. செத்துவிட்டாயோ என்று பயந்து சுவரைத் தட்டுவேன். உள்ளேயிருந்து விரல் நகத்தால் ஒரு சுரண்டல் வரும்.

ஒருநாள் நீயே கூப்பிட்டாய். "நம்ம தப்பா ரோசிச்சிகினு இருந்தோம்மே. அவன் இல்லாத நேரத்துல கொக்கு எப்டி தப்பிக்கும்னே பாத்தோம். அவன் போனா பூட்டு. அவன் கீறப்ப தான் கதவு தொறந்து கீது. கொக்கு மூஞ்சிய பாக்காம அவனால இருக்க முடியாது, உள்ள வந்தே தீருவான். அப்ப போணும். அவன் கண்ணு முன்னாடி."

"விடுவானா?"

"ஊரு பாக்கசொல்ல இன்னா பண்ணுவான்? அவன் நல்லவன்னு தானே பேரு."

அன்று சாயங்காலமே நான் பட்டம்மாவிடம் போய்ச் சொன்னேன். பட்டம்மாவை நீ அறிவாய். மீன் கூடையைத் தலையில் வைத்தால் தெருவே விலகும். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அதுக்கு நான் இன்னா பண்ணணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி?" என்றாள். நீ எதுவும் சொல்லவில்லை என்றேன். "சரி. காலைல கொயாயாண்ட நிக்கிறேன்" என்றாள்.

காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் உன்னை அவனே கூட்டிவருவான். நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அன்றும் அப்படித்தான். நீ குடத்தை வைத்தாய். நிறைந்தது. வழிந்தது. நீ எடுக்கவில்லை.

"கொடத்த எடுடி" என்றான்.

நீ வெளிவாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாய். செருப்பில்லை, மாற்றுச் சேலையில்லை. அவன் படியிறங்கி ஓடிவந்தான். சந்து குறுகல், பட்டம்மா கூடையோடு அதற்குள் நுழைந்துகொண்டாள்.

"வழி வுடு."

"வயசாச்சு நைனா, மெதுவா தான் போவேன்" என்றாள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். மற்றப் பெண்களும் குடங்களோடு அவள் பின்னால் வந்து நின்றார்கள். அவன் யாரையும் தொடவில்லை. தன் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுபடியும். நெற்றியிலிருந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. "பாருடி, பாருடி" என்றான்.

வாசலில் உன் கால் நின்றுவிட்டது. நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். இப்போது திரும்புவாய், முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போடுவாய் என்றே நினைத்தேன். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒருமுறை குலுங்கியது. அப்புறம் நீ தெருவில் இறங்கிவிட்டாய். நான் பின்னாலேயே ஓடிவந்து ரிக்‌ஷா பிடித்து உன்னைத் திருவொற்றியூரில் உன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தேரடி வந்ததும், "ரொம்ப ரத்தமா?" என்று மட்டும் கேட்டாய்.

கதை என்றால் அங்கே முடிந்திருக்கும். உனக்கு அங்கே முடியவில்லை. அண்ணி ஒரு மூலை கொடுத்தாள். தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிக்குள் குச்சி அடுக்கும் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, வேலை விடும் நேரத்தில் எதிரே பூவரச மரத்தடியில் அவன் நின்றிருந்தான். கிட்டே வரவில்லை, பேசவில்லை. பார்த்தான். மறுநாளும் வந்தான். வருஷக்கணக்கில் வந்தான். துறைமுக வேலையைக்கூட விட்டுவிட்டான் என்று சொன்னார்கள். உன் அண்ணன் சண்டைக்குப் போனால் கையெடுத்துக் கும்பிடுவான்; போலீஸ்காரர் விசாரித்தால், "பொது ரோட்ல நிக்கிறேன் சார்" என்பான். பின்பக்க வாசல் வழியாகப் போ என்று நான் சொன்னதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அறை பெரிசாயிடிச்சி, அவ்ளோதான்" என்றாய். மழைக்காலத்தில் அவன் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, உன்னோடு வேலை செய்த பெண்களே உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். நீ முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தாய்.

"இன்னிக்கு அவன் வரல" என்றாய். "நல்லதாப் போச்சு" என்றேன்.

"இன்னா நல்லது? நான் நின்னு தேடுனேன்மே. மரத்தாண்ட, கடையாண்ட, எல்லாத்தையும் பாத்தேன். அவன் இல்லாதப்ப கூட என்னய நிக்க வெச்சிட்டான் பாரு." உன்னை நான் அவ்வளவு ஆத்திரமாகப் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது அதற்கு அடுத்த வாரம். நீ அழவில்லை. காரியத்துக்கும் போகவில்லை. ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் கிளம்பிப் போனாய். அண்ணன் என்னிடம் ஆள் அனுப்பினார். நாங்கள் எண்ணூர் வரைக்கும் கரையெல்லாம் தேடினோம். பொழுது சாயும் நேரத்தில் நீயே வந்தாய். காலில் மணல் இல்லை. கையில் எதுவும் இல்லை. அண்ணி கத்தித் தீர்த்த பிறகு, என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"நான் எங்க கீறேன்னு இன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அது எப்டி கீதுன்னு பாக்கப் போனேன்."

"எப்டி இருந்திச்சி?"

"மொதல்ல பயமா இருந்திச்சி. அப்பால பசிச்சிது" என்றாய்.

எங்கே போனாய் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் பக்கத்துப் பக்கத்தில் கிழவிகளாக உட்கார்ந்திருந்தோம், ஒருநாளும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இப்போது அது உன்னோடு போய்விட்டது. போகட்டும்.

என் வீட்டில் இப்போது மருமகள் இருக்கிறாள், இரண்டு பேத்திகள் இருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் வெளியே கிளம்புகிறார்கள். மகன் என்னைக் கோபித்துக்கொள்வான்: "வூட்ல பெரிய மனுஷின்னு கீறியே, எங்க போறாங்கன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டியா?" நான் கேட்பதில்லை. நேற்று மாலை சின்னப் பேத்தி, "ஆயா, போய்ட்டு வர்றேன்" என்றாள். "சாப்ட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, நான் உள்ளே வந்துவிட்டேன்.