கேஸுக்கு என்று கேட்ட ஆறு நம்பர்

என் அன்பு மகன் அனஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் இருக்கிற உடம்போடு இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அத்தா உள்ளே டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கிறார், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. சமீரா மாப்பிள்ளை திங்கட்கிழமை திருச்சியில் பிளேன் ஏறுகிறார், அவரிடம் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை அப்புறம் திறக்கலாம், முதலில் இதைப் படி. போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். அத்தா ஸ்பீக்கரில் போடாமல் என்றைக்குப் பேசியிருக்கிறார், அதுவும் இல்லாமல் நான் பாதி சொல்லும்போதே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். உன் அக்கா சமீராவிடம்கூடச் சொல்லவில்லை, அவளிடம் சொன்னால் அஸர் தொழுகைக்குள் லப்பைக்குடிக்காடு முழுக்கத் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் கேஸ் சிலிண்டர் புக் பண்ண என்று சொல்லி உன் போனுக்கு வந்த ஆறு நம்பரைக் கேட்டு வாங்கினேனே, அது கேஸுக்கு இல்லை, எல்.எல்.ஆர். போடுவதற்கு. நீ வேலை அவசரத்தில் மெசேஜைப் படிக்காமலே நம்பரைச் சொல்லிவிட்டாய். பொய் சொன்னது தப்புதான், மன்னித்துக்கொள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், போன செவ்வாய்க்கிழமை டெஸ்டும் கொடுத்துவிட்டேன். சத்தம் போடாதே, மேலே படி. நீ மூடி வைத்துவிட்டுப் போன வெள்ளைக் காரின் கவரைக்கூட நான் தொடவில்லை. வாரத்தில் மூன்று நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் தஸ்பீஹ் மணி உருட்டுகிறேன் என்றுதான் அத்தா நினைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் உருட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பக்கத்துத் தெருவில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற செங்கமலத்திடம் போய்ச் சேர்ந்தேன், நர்ஸிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் வருவேன். செங்கமலத்துக்கு வாய் ஜாஸ்தி. கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா, அது என்ன உங்க மாமியாரா, இந்த மிதி மிதிக்கிறீங்க என்பாள். ஆனால் நல்லவள், டெஸ்டுக்கு என்னைவிட அவள்தான் பயந்தாள்.

டெஸ்டு அன்றைக்கு ரிவர்ஸ் எல்லாம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஏற்றத்தில் ஒரு தடவை வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பிஸ்மி சொல்லித் திரும்ப எடுத்தேன், ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. பக்கத்தில் இருந்த அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாஸா சார் என்று கேட்டேன், எல்லாத்துக்கும் மெசேஜ் வரும், போங்கம்மா என்றார். எனக்கு அடுத்து ஓட்டிய காலேஜ் பெண்ணுக்கு டீக்கடையில் நிற்கும்போதே மெசேஜ் வந்துவிட்டது, குதித்தாள். நான் என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்த நம்பர் குடுத்தீங்க என்று செங்கமலம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ போகும்போது ஆதார், பேங்க், ரேஷன், கேஸ் எல்லாவற்றுக்கும் உன் நம்பரைப் போட்டுவிட்டுத்தானே போனாய். நம் ஊரில் பாதி வீட்டின் நம்பர் கடல் தாண்டித்தான் இருக்கிறது. வியாழக்கிழமை செங்கமலம் கம்ப்யூட்டரில் பார்த்தாள், அங்கேயும் ஒரு ஓடிபி கேட்கிறது, அதுவும் உனக்குத்தான் வரும். இன்னொரு தடவை கேஸ் என்று சொல்லிக் கேட்டுவிடலாமா என்று போனை எடுத்தேன், மறுபடியும் பொய் சொல்ல மனசு வராமல் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கு அப்புறம் நீ இரண்டு தடவை பேசிவிட்டாய். மழையைக் கேட்டாய், அத்தா கால் வீக்கத்தைக் கேட்டாய், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாத மெசேஜ் என்று அழித்துவிட்டாயா, ஃபெயில் என்று பார்த்துவிட்டு மனசு நோகும் என்று மறைக்கிறாயா, இல்லை என் மேல் கோபமா. எந்நேரமும் இதே நினைப்புதான். நேற்று பாலைப் பொங்கவிட்டேன், அத்தாவின் மாத்திரையைக் காலைக்கு உள்ளதை மதியத்துக்கு எடுத்து வைத்தேன், நல்லவேளை அவரே பார்த்துவிட்டார்.

இந்த வயதில் இது தேவையா என்று நினைக்காதே. ஆரம்பத்திலிருந்தே இழுத்தடிக்கிற அந்த வாடகை டிரைவர், போன மாதம் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமலே போன நாளை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. அத்தா ஏழு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரியாத்தில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்து அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் தவறாமல் கொண்டு போய் விட்ட மனுஷன், பதினோரு மணி வரைக்கும் யாரோ ஒருத்தன் வண்டிக்காக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போகலாம் என்றேன், நிற்க முடியவில்லை. மறுநாள் மூச்சுக்குத் திணறினார். அதைக் கேள்விப்பட்டுத்தானே இந்த மாசக் கடைசியில வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேம்மா, நானே அத்தாவ கூட்டிட்டுப் போறேன் என்றாய். நீ வந்து வீட்டில் உட்கார்ந்தால் அதைப் பார்த்தே அவர் படுத்துவிடுவார். இப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறாய். உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா, எவ்வளவோ ஆசை. ஆனால் டிரைவர் வேலை பார்க்க என் பிள்ளை வர வேண்டாம். அதை நான் பார்க்கிறேன்.

அதனால் மெசேஜை எல்லாம் தேடிப் பார். இல்லையென்றால் இதோடு வைத்திருக்கும் சீட்டில் அப்ளிகேஷன் நம்பர் இருக்கிறது, லைசென்ஸ் வெப்சைட்டில் அதையும் பிறந்த தேதியையும் போட்டால் தெரியும் என்று செங்கமலம் சொல்கிறாள். தேதி ஆதாரில் உள்ள ஜூன் ஒன்றுதான், நான் ரமலானில் பிறந்தேன் என்று சொல்வதை நம்பி எதையாவது போட்டுவிடாதே. ஃபெயில் என்றாலும் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போகலாமாம், போவேன். அதுவரைக்கும் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி, வெறும் டீயிலேயே பொழுதை ஓட்டாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பார்த்ததும் போன் பண்ணு. ஸ்பீக்கரில்தான் இருக்கும். ஃபெயில் என்றால் கேஸ் வந்துடுச்சாம்மா என்று மட்டும் கேள், நான் புரிந்துகொள்வேன், அத்தாவுக்குத் தெரிய வேண்டாம். பாஸ் என்றால் என்னிடம் சொல்லாதே, அத்தாவிடம் சொல், இனிமேல் யார் வண்டிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் போனை எதிர்பார்த்திருக்கும்
அம்மா குல்சும்