மாறாதது என்று நீ சொன்னது

என் சுமதி அக்காவுக்கு,

இன்று காலை கவினுக்கு ஸ்வெட்டர் மாட்டினேன். தலை வெளியே வருவதற்குள், கம்பளிக்குள்ளிருந்து "அம்மா" என்று கூப்பிட்டான். நீ மாட்டும்போது "யாரைக் காணோம், யாரைக் காணோம்?" என்று கேட்பாய். நான் சும்மா இழுத்து மாட்டுகிறவள். அவன் யாரைக் கூப்பிட்டான், அக்கா? உன்னையா, என்னையா?

நீ கண்மூடியபின் வந்த முதல் குளிர் இது. பூங்கா ஊஞ்சலிலிருந்து அவனை இறக்கப் போனால், "கவின், தேரி மம்மி ஆ கயீ!" என்று, உன் அம்மா வந்துட்டா என்று, அங்கே இருக்கும் பெண்கள் இந்தியில் குரல் கொடுக்கிறார்கள். நான் சித்தி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. என் கூச்சம் உனக்குத் தெரியாததா?

"கூப்பிட்டா கூப்பிடட்டுமே செல்வி, மூணு வயசுப் பிள்ளை" என்கிறார் அத்தான். ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறாள். "வேண்டாம்டி. அவ இடத்தை அழிச்சிடாதே." இருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, கவினைப் பார்த்துக்கொள்ள நான் டெல்லி வந்த புதிது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, "அது இம்யூட்டபிள், கை வைக்காதே" என்று போனில் யாரையோ அதட்டினாய்.

"அப்படின்னா என்னக்கா?"

"மாறாதது."

"சாமி மாதிரியா?"

"உன் பிடிவாதம் மாதிரி" என்று சிரித்தாய். "ப்ரோகிராம்ல அதை மாத்தவே முடியாதுடி. வேற வேணும்னா புதுசா ஒண்ணு உண்டாக்கணும். பழசு அப்படியே இருக்கும்."

"எப்பவுமேவா?"

"அதெப்படி? அதை யாரும் பிடிச்சு வெச்சுக்கலைன்னா கம்ப்யூட்டரே துடைச்சிடும்."

மாறாத அன்பு என்று நாம் சொன்னால் என்றைக்கும் இருப்பது என்றுதான் அர்த்தம். உன் கம்ப்யூட்டரிலோ மாறாததும் இல்லாமல் போகும். எனக்கு அதுதான் பயம். கவின் என்னை அம்மா என்றால் நீ மாறிவிடமாட்டாய். ஆனால் உன்னைப் பிடித்துக்கொள்ள அவனிடம் என்ன இருக்கிறது? உன் குரலாவது நினைவிருக்குமா?

அவன் வளரும்வரை நான் பிடித்துக்கொள்கிறேன், அக்கா. விடமாட்டேன்.

சாயங்காலம் மறுபடி ஸ்வெட்டர். தலை உள்ளே போனதும் இழுக்காமல் நிறுத்தினேன். "யாரைக் காணோம், யாரைக் காணோம்?"

உள்ளே அசைவில்லை. பிறகு சிரிப்பு.

"உன்னைப் பெத்த அம்மா இப்படித்தான் கேப்பா" என்று சொல்லி, மெல்லத் தலையை வெளியே எடுத்தேன். முடியெல்லாம் கலைந்து, என் முகத்தையே பார்த்து, "அம்மா" என்றான்.

"ம்" என்றேன்.

உன் தங்கை,
கவினின் சித்தி,
செல்வி