ரெகவரியில் நீ இல்லை

என் மெர்சி அக்காவுக்கு,

உன் ஜெனிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நீ விட்டுப்போன லேப்டாப்பையே கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ரொம்ப மெதுவாக ஓடுகிறது, சரிசெய்து கொடுங்கள் மாமா என்று தாம்பரத்தில் என் வீட்டுக்கு எடுத்துவந்தாள். அம்மாவுடைய ஃபைல்களை முதலில் பென்டிரைவில் எடுத்து வைக்கலாமா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன்.

உள்ளேயே ‘ரெகவரி’ என்று தனியாக ஒரு பகுதி இருப்பதைப் பார்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நகல் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதை ஓடவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. திரும்ப வந்துவிடும் என்ற தைரியத்தில் அழுத்தினேன்.

வந்தது, அக்கா. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்தது மட்டும்தான் அந்தப் பகுதியில் இருக்குமாம். மாடம்பாக்கம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, உன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நீ பேசிப் பதிவுசெய்த கணக்குப் பாட வீடியோக்களில் ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

ஜெனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“அதுல ஒண்ணாவது நீங்க பாத்திருக்கீங்களா மாமா?”

“இல்லம்மா.”

“நானும் பாக்கல. தைரியம் வரல. அப்புறமா பாத்துக்கலாம்னு வெச்சிருந்தேன்.”

அந்த ‘அப்புறம்’தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதை எடுத்துக்கொள்ள நான் யார்?

அவளே உன் பழைய மாணவர்களின் வீடுகளுக்கு ஃபோன் செய்தாள். இப்போது படப்பையில் இருக்கும் ஒரு பையனின் அம்மா, நீ அப்போது அனுப்பிய ஒரு பாடத்தைத் தன் ஃபோனில் அழிக்காமல் வைத்திருந்தார். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பின்னம் சொல்லிக்கொடுக்கிறாய். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. “ஜெனி, அடுப்ப அணைடி” என்று திரும்பிக் கத்திவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி முக்கால் பங்கைத் தொடர்கிறாய். ஜெனி சிரித்தாள், பிறகு அழுதாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஒன்று கிடைத்துவிட்டது என்பதால் நான் செய்தது சின்னதாகிவிடுமா? மன்னித்துவிட்டதாக ஜெனி சொல்கிறாள். நீ அவசரப்படாதே, அக்கா.

ஃபோனில் பிடிக்க முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே போய்க் கேட்கப் போகிறேன். யாராவது இல்லையென்று சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போவேன். கிடைப்பதையெல்லாம் முதலில் ஜெனியிடம்தான் கொடுப்பேன். அவள் கூப்பிட்டால் மட்டும் கூட உட்கார்ந்து பார்ப்பேன்.

உன் தம்பி,
ஜெனியின் மாமா,
சாமுவேல்