ஏரிக்குள் போன வழி

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, நான், என் தொப்பை மூவரும் சௌக்கியம். அங்கே நீயும், சமையலறைக்காக உன்னோடு நாலு மொழியில் சண்டை போடும் அறைத்தோழிகளும் சௌக்கியமாக இருக்கவேண்டும். மொழியியல் வகுப்பில் எல்லாரும் அவரவர் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தாயிற்று, தமிழ் மட்டும்தான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னாய். ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல, இன்னொருவர் படத்தைப் பார்க்காமல் வரையவேண்டும், இவ்வளவுதானே, அம்மாவும் நானும் முடித்துவிடுகிறோம் என்றால், ஆகாது, அப்பாவும் மாமாவும்தான் பேசவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

எங்கள் லட்சணம் உனக்குத் தெரியாததா? போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது உன் மாமா இடப்பக்கம் என்றான், நான் வண்டியை வலப்பக்கம் விட்டேன், போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தவேண்டும் என்றால்கூட, அம்மாவிடம்தான், உன் தம்பிகிட்ட சொல்லு என்பேன், மாடியிலிருந்து அவன், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு என்பான். உன் அம்மா மாடிப்படி நடுவில் நின்று, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் மைக் செட்டா என்று கத்துவாள். ஆனாலும் உன் படிப்பு என்றதும் இறங்கி வந்துவிட்டான். துணிக்கொடியில் போர்வையைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

பதிவு ஓடுகிறது என்றதும் எனக்குள் செய்தி வாசிப்பவர் புகுந்துகொண்டார். தபால் நிலையத்திலிருந்து நேராகச் செல்லவும், பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பவும் என்றேன். போர்வைக்குப் பின்னாலிருந்து அவன், மச்சான், இது எல்லாருக்கும் வலதா, இல்ல உங்க வலதா, போன தடவை மாதிரி சாப்பாடு போயிடப் போகுது என்றான். டேய், நீ வழி பாத்தா சொன்ன, பந்தி வாசனை பிடிச்சில்ல சொன்ன என்றேன். அதன்பிறகு வரைபடத்தை யார் நினைத்தார்கள்! கடைசியில் போர்வையை விலக்கிப் பார்த்தால், அவன் போட்ட கோடு நேராக ஏரிக்குள் போயிருந்தது. மூச்சு முட்டச் சிரித்தோம். இதுதான் இயல்பான பேச்சு என்று உங்கள் பேராசிரியர் ஏற்றுக்கொண்டாராமே, நல்ல மனுஷன்.

ஆனால் ஒன்று. பதிவு வந்து சேர்ந்ததும் ஏரியைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாமா நம்ம வீட்ல சாப்பிட்டுட்டுத்தானே போனார் என்றுதான் கேட்டாய். அது எந்தப் பாடத்தில் வருகிறது, திருட்டுக்கழுதை? சாப்பிட்டான். மூன்று தடவை கேட்டு வாங்கி.

நேரத்துக்குத் தூங்கு, நீ நன்றாக இருப்பாய். விடுமுறைக்கு மாமாவும் நானும் சேர்ந்தே வருகிறோம். மறக்காமல் ரயில் நிலையத்துக்கே வந்துவிடு. வழியை எங்களிடம் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
வலப்பக்கம்தான் சரி என்று இன்னமும் சொல்லும்
அப்பா