கோட்டைச் சுவரில் நீ நின்ற படம்

சல்லி,
திருகோணமலை.
12.06.1982

அன்பு மகன் குலசிங்கத்துக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி அம்மாள் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், அங்கே உன்னையும் சுகமாய் வைத்திருக்கச் சொல்லி அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைவு. தங்கச்சியின் கலியாணத்துக்கு ஆவணியில் நாள் வைத்தாயிற்று, தமையன் முறைக்கு மாப்பிள்ளைக்குக் கால் கழுவ என்ர மகன் ஜேர்மனியில இருந்து வாறான் என்று அப்பா கரை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

நீ அந்த ஆற்றங்கரைப் பட்டினத்துக்குப் போய்வந்து எழுதிய கடிதமும் படமும் கிடைத்தன. ஆற்றின் இரண்டு பக்கமும் மலைக்கு மலை கோட்டை என்றும், அந்தக் காலத்து ராசா ஒருவன் சொந்த மகளையே கோபுரத்தில் பூட்டிவைக்க அவள் ஆற்றில் குதித்துவிட்டாள் என்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அது தெரிந்தும் அதே கோபுரத்துச் சுவரில் ஏறி நின்று படம் எடுத்திருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா, கீழே எவ்வளவு தண்ணீர். அதைப் பார்த்ததும், உன் பேருக்கு ஓர் அருச்சனை செய்து படத்தையும் சுவாமியின் காலடியில் வைத்து எடுப்போம் என்று நேற்று வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் போகவேண்டும் என்பது உனக்குத் தெரியும், இப்போது வாசலில் ஆமிக்காரர் பையைத் திறந்து பார்க்கிறார்கள். தேங்காய்க்குக் கீழே இருந்த உன் படத்தைக் காவலில் நின்றவன் எடுத்துவிட்டான். கல்லுச் சுவர், பீரங்கி, கீழே தண்ணீர், தாடி வளர்த்த ஒரு தமிழ்ப் பொடியன். இது எந்தக் கோட்டை, இவன் ஆர் என்று கேட்டான். என் மகன், வெளிநாட்டில் படிக்கிறான் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உன்னை இயக்கக்காரன் என்று நினைத்துவிடுவான் என்று பயந்துவிட்டேன். எனக்குத் தெரியாது ஐயா, பஸ்ஸுக்குள்ள கிடந்தது, எடுத்தனான் என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்ன வாய் இது மகன், நினைக்க நினைக்க அழுகை வருகிறது. உங்கட இல்லாட்டி இங்கேயே கிடக்கட்டும் என்று அவன் படத்தை வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் எட்டிப் பார்த்து, மூக்கு இந்த அம்மாட மூக்கு மாதிரிக் கிடக்கு என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தான். நான் கோயிலுக்கும் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

படத்தின் பின்பக்கத்தில் உன் பேரையும் ஊரையும் எழுதியிருந்தாய். அதை ஆராவது வாசித்தால், தாயே எதற்காக மறைத்தாள் என்றுதான் யோசிப்பார்கள். நேற்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் படலையைச் சாத்துகிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுசன் நேரே கோட்டை வாசலுக்குப் போய் நியாயம் கதைப்பார்.

ஆனபடியால் மகன், ஆவணியில் வராதே. வந்து இறங்கிய இடத்தில் உன்னை மறித்து அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் நான் உயிரோடு இருக்கமாட்டேன். லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவின் பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வழமைபோல நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் உன்னை ஏசுவார், தங்கச்சி அழுவாள், நானும் அவர்களோடு சேர்ந்து உன்னை ஏசுவேன். நீ அதை மனதில் வைக்காதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் கோட்டையிலும் ஏறாதே. அம்மாள் உனக்கு நிழலாய் நிற்பாள். இதை வாசித்ததும் கிழித்துப் போடு.

உன்னைப் பெற்ற அம்மா,
சீதேவி