ஏழு மணி இரைச்சல்

மார்ச் 7, வெள்ளி
மதியத்திலிருந்து மழை. ஏழு மணிக்கு டயாலிசிஸ் மையத்தில் நான் பராமரிக்கும் வைஃபை மறுபடி செத்தது. அதில் ஓடும் படுக்கை அழைப்பு மணி பதினாறும் ஊமை. நோயாளி லெட்சுமி அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். தாதிக்குக் கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் கத்தியதால் பிழைத்தார்.

தலைமைத் தாதி மேட்ரன்: "அண்ணே, அடுத்த வெள்ளி வரைக்கும்தான் டைம். அப்புறம் உங்க வேலைய சுரேஷ்கிட்ட குடுத்துடுவாங்க."

சுரேஷ். கேபிள் முனையில் பிளக் அடிக்கவே நான் சொல்லிக்கொடுத்தவன். இப்போது சொந்தக் கம்பெனி. இங்கே கேமரா பொருத்த வருவது செவ்வாய், வெள்ளி மாலை. வைஃபை சாவதும் செவ்வாய், வெள்ளி மாலை.

மார்ச் 8, சனி
வீட்டில் வைஃபை பதிவுகளைப் பார்த்தேன். எல்லா சேனலிலும் ஒரே நேரத்தில் இரைச்சல். கோளாறு இப்படி வராது. ஜாமர். யாரோ வேண்டுமென்றே அலைகளை மூடுகிறார்கள். அழைப்பு மணிக்குக் கேபிள் போடுங்கள் என்று மணி பொருத்தும்போதே எழுதிக் கொடுத்தேன். "பழைய ஸ்டைல்" என்று சிரித்தார் மையத்தின் டைரக்டர்.
செய்ய: சேனல் மாற்ற. இரைச்சல் வரும் திசை காட்டும் ஆன்டெனா இரவல் வாங்க. சளி மருந்து.

மார்ச் 11, செவ்வாய்
சேனல் மாற்றியும் பயனில்லை. ஏழுக்கு அதே கதை. சுரேஷ் ஏணி மேலிருந்து: "என்னண்ணே, உங்க வைஃபைக்கும் டயாலிசிஸ் வேணுமா?"
தாதிகள் சிரித்தார்கள். அவன் பை கனமாக, ஜிப் மூடியபடி.

மார்ச் 12, புதன்
டைரக்டருக்குக் கடிதம். ஜாமர் வைப்பது சுரேஷ்தான் என்று பெயரைப் போட்டே. இரண்டு பக்கம். வீடு திரும்பும் வழியில் பாயான் பாரு வரை நெரிசல், ஆனாலும் மனது லேசு.

மார்ச் 14, வெள்ளி
வெயில். கடிதத்தைப் பார்த்து சுரேஷை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லது.
ஏழுக்கு இரைச்சல் வந்தது.
ஆன்டெனாவைச் சுற்றினேன். பின்சுவர் பக்கம் இரைச்சல் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் கோயில். போய்ப் பார்த்தால், கோயில் ஆபீஸ் அலமாரி மேல் ஆறு ஆன்டெனாக் கொம்பு வைத்த கறுப்புப் பெட்டி, ஜாமர்.
கோயில் செயலாளருக்கு ஒரே பெருமை. "ஆன்லைன்ல வாங்கினேன் தம்பி. தீபாராதனையப்ப ஒரு போன் அடிக்காது! செவ்வா, வெள்ளிதானே கூட்டம்."
"பக்கத்துல நோயாளிங்க இருக்காங்க. இது சட்டப்படி குத்தம்."
"ஐயோ, தெரியாதே தம்பி."
நானே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்தால், மணிகள் வேலை செய்கின்றன. மேட்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டீங்களே அண்ணே! இனிமே நீங்கதான். ஜாமர எங்கதான் ஒளிச்சு வச்சிருந்தான் அந்த சுரேஷ் பய?"
"பின்சுவர் பக்கம்" என்றேன்.